வெள்ளிக்கிழமைக்கு என்ன விசேஷம்

1996 ஜூன் 7, வெள்ளி

இன்று வெள்ளிக்கிழமை. இந்த வீட்டில் அதற்குக் கோலத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுவது, கறி சமைக்காமல் இருப்பது என்ற இரண்டைத் தவிர ஓர் அர்த்தமும் கிடையாது. தறிகள் காலையிலேயே ஓட ஆரம்பித்துவிட்டன. மாமனார் தறிப்பட்டறையில். மாமியார் அடுப்படியில். இவர் மில்லில். நான் மூன்று முறை மொட்டைமாடிக்குப் போய்த் துணி காய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்தேன். காய்ந்துவிட்டது என்று முதல் முறையே தெரியும். இருப்புக் கொள்ளவில்லை.

நாங்கள் மூன்று வருடம் இருந்த அலெக்ஸாண்டிரியாவில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்து, எல்லோரும் சாப்பிட்டதும் குவார்ட்டர்ஸ் வாசலில் கம்பெனி வேன் வந்து நிற்கும். இவர் அப்போது இருந்த எகிப்து மில்லில் வேலை பார்த்த இந்தியக் குடும்பங்களெல்லாம் ஏறிக்கொண்டு மத்தியதரைக் கடலைப் பார்க்கப் போவோம். கல்கத்தாக்காரம்மா ஒருத்தி எங்களுக்கெல்லாம் தலைவி. மாதம் பிறந்ததும் எந்த வெள்ளி எங்கே என்று லிஃப்ட் கதவில் ஒட்டிவிடுவாள். ஒரு வாரம் மொந்தாசா தோட்டம். ஒரு வாரம் அபூகீரில் மீன் சாப்பாடு. ஒரு வாரம் டிராமில் ஏறி இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை போய்விட்டுத் திரும்புவது. போன இடத்திலும் தம்போலா, பாட்டுக்குப் பாட்டு, பந்து எறிதல் என்று ஆளை உட்கார விடமாட்டாள்.

நானும் இஸ்மத்தும் தலையைக் காட்டிவிட்டு நழுவிவிடுவோம். ஸ்டான்லி கடற்கரையில் படி இறங்குகிற இடத்தில் ஒரு தாழ்ந்த சுவர் உண்டு. அதில் உட்கார்ந்து, காகிதக் கூம்பில் திர்மிஸ் என்ற அவித்த மஞ்சள் கொட்டையை வாங்கிக்கொண்டு, தோலை உரித்துத் தின்றபடி ஒன்றும் செய்யாமல் இருப்போம். வாரத்துக்கு ஒரு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தது என் வாழ்க்கையிலேயே அந்த மூன்று வருடம்தான்.

இஸ்மத்தை நான் கண்டுபிடித்ததே அங்கே காய்கறிக் கடையில். எனக்குப் பின்னால் ஒரு குரல், "அட, தக்காளி பூராவும் சொத்தையாட்டம் இருக்குதுங்களே" என்று அரபிக்காரனிடம் தமிழில் சொன்னது. அவனும் என்னமோ புரிந்த மாதிரி தலையாட்டி வேறு தக்காளி எடுத்துக் கொடுத்தான். திரும்பிப் பார்த்தேன். கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரி. அவள் வீட்டுக்காரர் அப்துல் கையூம் எங்கள் மில்லிலேயே எலக்ட்ரீஷியன். அன்றைக்குப் பிடித்துக்கொண்டோம்.

இரண்டு குடும்பமும் காண்ட்ராக்ட் முடிந்து ஜனவரியில் ஊருக்கு வந்தோம். எங்கள் சூலூருக்கும் கோட்டைமேட்டுக்கும் ஒரு பஸ் தூரம். இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

இவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"ஏனுங்க, இன்னைக்கு எங்காச்சும் போலாமுங்களா?"

"எங்க?"

"சும்மா."

"சும்மா எதுக்குப் போறது?"

கோபமில்லை, கிண்டலில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார். இதே செங்கோடன்தான் அபூகீரில் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு மகள் வர்ஷினியோடு நண்டு துரத்தியவர். விமானத்தை விட்டு இறங்கும்போதே பேண்ட்டை இறக்கிவிட்டுவிட்டார் போலிருக்கிறது.

யோசித்து யோசித்துத் துடியலூர்ச் சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்று ஒரு காரணம் கண்டுபிடித்தார். போனோம். "என்னங்க விசேஷம், எல்லாரும் வந்திருக்கீங்க" என்றார்கள். கண் என்றோம். இலை போட்டார்கள். சாப்பிட்டோம். ஆண்கள் படுத்துத் தூங்கினார்கள். நான் பாத்திரம் கழுவ உதவினேன். பக்கத்திலேயே இன்னொரு பங்காளி வீடு, அங்கேயும் ஒரு காபி. திரும்பி வந்துவிட்டோம். இன்பச் சுற்றுலா இனிதே முடிந்தது.

ஜூன் 12, புதன்

அலமாரியை மறுபடியும் கலைத்து அடுக்கினேன். அது நேற்றும் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

இஸ்மத் போன் பண்ணினாள். எங்கள் வீட்டுப் போன் மாமனாரின் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நல்ல வேளை, அவர் பட்டறையில் இருந்தார்.

"பூவு, எனக்குப் பைத்தியம் புடிச்சுரும் போல இருக்கு."

"என்னாச்சு?"

"ஒண்ணுமே ஆகலை. அதுதான்."

அவள் மாமியார் வீட்டில் கூட்டுக் குடும்பம். வாசலைத் தாண்ட நாலு பேரிடம் பதில் சொல்ல வேண்டும். கையூம் அண்ணன் ஒரு நாள் உக்கடத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை போடுகிறேன் என்கிறாராம். மறுநாள் எகிப்துக்கே திரும்பிப் போய்விடலாம் என்கிறாராம்.

"நான் அங்க வாரேன்" என்றாள்.

"இங்க வந்து என்னன்னு சொல்லுவே?"

"ஒண்ணும் சொல்லமாட்டேன். வந்து நின்னுட்டா என்ன பண்ணுவாங்க?"

அதுவும் சரிதான் என்று தோன்றியது. வியாழக்கிழமை ஒன்றைக் குறித்திருக்கிறோம். மாமனாரிடம் முன்னாலேயே சொல்லிவிடலாமா? சொன்னால் எதற்கு என்பார். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 27, வியாழன்

சிரிப்பதா பயப்படுவதா, தெரியவில்லை. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பதினோரு மணி வாக்கில் இஸ்மத் வந்தாள். தனியாக அனுப்பமாட்டார்கள் என்று நாத்தனார் ரம்ஷாவைக் கூட்டிக்கொண்டு. முதல் தடவை ஒரு வீட்டுக்கு வருகிறோமே என்று இரண்டு பேரும் பட்டுப்புடவை. கையில் சாத்துக்குடி, ஆப்பிள், ஒரு பெட்டி இனிப்பு, பந்துப் பந்தாய் மல்லிகை. வெறுங்கையோடு ஒரு வாசலை மிதிக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். அதுதான் வினையாகப் போயிற்று.

மாமனார் பார்த்தார். பட்டுப்புடவையில் இரண்டு பெண்கள். பழம், பூ, இனிப்பு. வேலை நாள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு.

"முத்தாத்தா, ஜமுக்காளத்த விரி. அழைக்க வந்திருக்காங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். மாமியார் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பழத்தை வாங்கி வைக்கத் தாம்பாளம் வந்துவிட்டது. பத்திரிகையை வாங்க மாமனார் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சொல்லுங்க அம்மணி. என்னைக்குங்க விசேஷம்?"

இஸ்மத் என்னைப் பார்த்தாள். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் மாமா — இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"செப்டம்பர் ஒண்ணாந்தேதிங்க" என்றாள் இஸ்மத்.

மாமனார் காலண்டரைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழமை. ஆவணி. ஆடியில வெச்சிருந்தீங்கன்னா நானே வேண்டாம்னு சொல்லியிருப்பனுங்க. என்ன விசேஷமுங்க?"

"கடை தொறக்கறமுங்க. மோட்டாரு காயில் கட்டறதுங்க, எலக்ட்ரிக் கடை."

ரம்ஷாவுக்குப் புரை ஏறிவிட்டது. மாமியார் தலையில் தட்டிவிட்டார்.

"பத்திரிகைங்க?"

"அச்சுக்குக் குடுத்திருக்குதுங்க. அதுக்கு முந்தியே நேர்ல சொல்லிடலாம்னுங்க."

மாமனார் முகம் மலர்ந்துவிட்டது. மாமியார் பக்கம் திரும்பி, "பாத்தியா, பத்திரிகை அடிக்கறதுக்கு முந்தியே ஊடு தேடி வந்து சொல்றாங்க. நம்ம சொந்தத்துல எவன் இப்படிச் செய்யறான்" என்றார். பிறகு இஸ்மத்திடம், "குடும்பத்தோட வந்துருவமுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

சாப்பிடாமல் விடுவார்களா? இலை போட்டு, நான் பரிமாற, அவர்கள் சாப்பிட்டார்கள். கூட உட்கார என்னால் முடியவில்லை. கை கழுவ வந்தபோது துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் கிடைத்தது.

"ஏண்டி இப்படிச் சொல்லிப்போட்டே?"

"உங்க மாமா மொகத்தப் பாத்தா வேற என்ன பூவு சொல்றது? பத்திரிகை வாங்கத் துண்டெல்லாம் கட்டிட்டு உக்காந்திருக்காரு."

அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு நான். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் நேரில் வந்து அழைத்த வீட்டுக்கு மாமனார் போகாமல் இருக்கமாட்டார். போய் நின்று அங்கே கடை இல்லையென்றால் அவரைக் கூப்பிட்டு அவமானப்படுத்திய மாதிரி. அதற்குப் பிறகு இஸ்மத் இந்த வாசலை மிதிக்க முடியாது. அவள் பேரை நானும் இந்த வீட்டில் எடுக்க முடியாது.

இருந்த ஒரே சிநேகிதியைப் பார்க்க ஆசைப்பட்டு அவளைத் தொலைக்கிற வேலையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 3, புதன்

மாமனார் தறிக்காரர்களிடம் சொல்லிவிட்டார். டீக்கடையில் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பாலகோபாலின் காரை ஒன்றாம் தேதிக்குக் கேட்டு வைத்துவிட்டார்.

"குத்துவிளக்கு குடுக்கலாம்னு இருந்தேன் அம்மணி. அவங்களுக்கு ஆகுமோ ஆகாதோ. சுவர்க் கடிகாரம்னா யாருக்கும் ஆகும்" என்றார் என்னிடம். இவ்வளவு யோசித்திருக்கிறார். கெட்ட மனிதராக இருந்தால் பொய் சொன்னதற்கு இவ்வளவு வலிக்காது.

ஜூலை 12, வெள்ளி

கடிகாரக் கண்ணாடியில் கொடுப்பவர் பேரும் கடை பேரும் எழுத வேண்டுமாம். "போனைப் போட்டுக் கேளு" என்றார். நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், நான் கேட்பதைக் கேட்க.

"இஸ்மத்து, மாமா கடை பேரு கேக்கறாங்க."

"ஸ்டான்லி" என்றாள்.

"ஸ்டான்லி எலக்ட்ரிகல்ஸ்ங்க மாமா."

"கிறிஸ்டியன் பேராட்டம் இருக்குதே?"

"எகிப்துல அவங்க இருந்த பக்கமுங்க."

"சோறு போட்ட ஊர மறக்காத மனுசன்" என்று தலையாட்டினார். போனில் இஸ்மத் மூச்சு வாங்குவது கேட்டது. சிரித்தாளா அழுதாளா என்று இங்கிருந்து எப்படிக் கேட்பது?

ஜூலை 20, சனி

கையூம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். "உன்ற சிநேகத்துக்கு நான் கடை வெக்கோணுமா?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. இரண்டு நாள் பேச்சில்லை. ஆனால் நேற்று உக்கடத்தில் ஒரு அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.

அப்படியானால் கடை நிஜமாகவே வந்துவிடலாம். கடை வந்தால் இஸ்மத் இங்கேயே இருப்பாள். எகிப்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறார், அதற்குப் பதில் வரக் கூடாது. ஸ்டான்லி கடற்கரையை நினைத்து ஏங்குகிறவள் மோட்டார் கடைக்காகச் சாமியிடம் வேண்டிக்கொள்கிறேன். அவள் அங்கே போய்ச் சந்தோஷமாக இருப்பதை விட, இங்கே என்னோடு சேர்ந்து புழுங்குவது எனக்கு மேலாகப் படுகிறது. இதுதான் என் சிநேகம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேண்டுதலை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி பதினெட்டுக்குக் கொடுமுடி போய் வந்தோம். வேன் நிறையச் சொந்தக்காரர்கள், தூக்குப்போசி நிறையப் புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு. காவிரியில் நல்ல தண்ணீர். முளைப்பாரி விட்டு, கும்பிட்டு, சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் கிளம்பத் தயாராகிவிட்டார்கள். சாமி கும்பிட்டாகிவிட்டது, இனி ஆற்றுக்கு என்ன வேலை?

நான் மட்டும் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் கூப்பிட வந்தார். வந்தவர் நின்றார். இந்த வீட்டுக்கு வந்த நாளாக என்னிடம் சமையல், துணி, குழந்தை தவிர வேறு பேச்சுப் பேசியதில்லை.

"ஏம்மணி, அங்க கடலுக்குப் போவமுன்னு சொல்லுவியே. அங்க போயி என்னதான் பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ணமாட்டமுங்க அத்தை."

"ஒண்ணுமேவா?"

"ஆமாங்க. உக்காந்திருப்போம்."

"சாமி, கோயில் ஒண்ணும் இல்லையா?"

"இல்லீங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். செருப்பைக் கழற்றினார். அதற்குள் வேன்காரன் ஹாரன் அடித்துவிட்டான். செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 10, சனி

பதில் வந்துவிட்டது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள், அதே மில், அதே குவார்ட்டர்ஸ். இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறார்கள்.

போனில் இஸ்மத் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு பேசினாள். நான் துக்கத்தை மறைத்துக்கொண்டு பேசினேன். இரண்டு பேருக்கும் சரியாக வரவில்லை.

"உங்க மாமாகிட்ட நானே வந்து சொல்லிடறேன் பூவு. போன்ல சொல்ற காரியமில்லை."

சாயங்காலம் இவரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். ஸ்டான்லி எலக்ட்ரிகல்ஸ் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் சிரிப்பு நின்று, "நம்மளும் எழுதிப் போட்டிருக்கலாம்" என்றார். அப்பாவுக்கு வயதாகிறது, தறியை யார் பார்ப்பது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

வந்தார்கள். இந்தத் தடவை இஸ்மத் சாதாரணக் காட்டன் புடவை. கூட அப்துல் கையூம். கையில் ஒன்றுமில்லை. வேண்டுமென்றே ஒன்றும் கொண்டுவரவில்லை என்று பிறகு சொன்னாள்.

மாமனார் பத்திரிகை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். "வாங்க, வாங்க. முத்தாத்தா, ஜமுக்காளம்."

இஸ்மத் உட்காரவில்லை.

"கடை இல்லீங்க. மாசக் கடைசியில எகிப்துக்கே திரும்பப் போறமுங்க. அன்னைக்கு நான் பொய் சொல்லிப்போட்டனுங்க. அழைக்க வரலீங்க. பூவாத்தாளைப் பாக்கத்தான் வந்தேன். மன்னிச்சுக்கோங்க."

பட்டறையில் தறி ஓடுகிற சத்தம் மட்டும். பக்கத்து விமானப்படைத் தளத்து விமானம் ஒன்று வீட்டுக்கு மேல் போயிற்று. கையூம் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனார் கேட்டார், "பாக்க வந்தேன்னே சொல்லியிருக்கலாமுங்களே அம்மணி?"

இவ்வளவுதான் கேட்டார். எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். நான் நினைத்தேன், முடிந்தது. இஸ்மத் கண் கலங்கி நின்றாள். மாமியார் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

ரொம்ப நேரம் கழித்து மாமனார் வந்தார், அட்டைப் பெட்டியோடு. தறிப் பஞ்சு தலையில் ஒட்டியிருந்தது. பெட்டியைக் கையூம் அண்ணன் கையில் கொடுத்தார்.

"பேரெல்லாம் எழுதியாச்சுங்க. இத நான் வெச்சுட்டு என்ன பண்றது? போற எடத்துல மாட்டுங்க."

கடிகாரத்தை வெளியே எடுத்தார்கள். ஸ்டான்லி எலக்ட்ரிகல்ஸ், திறப்பு விழா அன்பளிப்பு, சூலூர் திருமலைசாமி குடும்பத்தார். சிவப்பு எழுத்து. கையூம் அண்ணன் அதைப் படித்துவிட்டு மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். மாமனார் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் முகம் பழைய மாதிரி இல்லை. டீக்கடையில் நாளைக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பார்க்க வந்தேன் என்றே சொல்லியிருக்கலாமே. அந்தக் கேள்வி காலையிலிருந்து என் பின்னாலேயே வருகிறது.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதுக்கு என்று கேட்டிருப்பீர்கள் மாமா. என்ன விசேஷம் என்று கேட்டிருப்பீர்கள். சும்மா என்றால் நம்பியிருக்கமாட்டீர்கள். என்னமோ சண்டை, என்னமோ கைமாத்து, என்னமோ கஷ்டம் என்று நினைத்திருப்பீர்கள். எனக்குத் தெரியாதா இந்த வீட்டை?

தெரியுமா? ஒரு தடவையாவது சொல்லிப் பார்த்தேனா? ஜனவரியிலிருந்து ஒரு நாளாவது, மாமா, என் சிநேகிதியைப் பார்த்துட்டு வாரேனுங்க என்று சொன்னேனா? என்ன கேட்பார் என்று நானே கேட்டு, என்ன பதில் சொல்வது என்று நானே முழித்து, அலமாரியை அடுக்கிக்கொண்டே இருந்துவிட்டேன். அவர் முடியாது என்று சொல்லியிருந்தால்கூட இப்போது திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 28, புதன்

ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனோம். வழியனுப்புவது விசேஷம்தான், அதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. பிளாட்பாரத்தில் இஸ்மத்தின் சொந்தக்காரர்கள் ஒரு கூட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் மகள் நிதாவும் வர்ஷினியும் ஜன்னல் வழியாகக் கை பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடிகாரப் பெட்டி சீட்டுக்கு அடியில் இருந்தது.

ரயில் கிளம்புகிறபோது, "நம்ம சுவரு அங்கயேதான் இருக்கும் பூவு" என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. சுவர் இருந்து எனக்கு என்ன?

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்று ஸ்டான்லி எலக்ட்ரிகல்ஸ் திறப்பு விழா. பாலகோபால் காரைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. மாமனார் வெளியே போய், "அவங்க எகிப்துலயே கடை போட்டுட்டாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

செப்டம்பர் 20, வெள்ளி

சாயங்காலம் இரண்டாவது காபி போட்டுக் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு மாமனார் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, நான் கொளத்துப் பக்கம் போயிட்டு வாரேனுங்க."

"எதுக்கு அம்மணி?"

"சும்மாங்க. உக்காந்துட்டு வாரேன்."

அவர் என்னைப் பார்த்தார். ஆகஸ்டில் கேட்ட கேள்வி அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "இருட்டறதுக்குள்ள வந்துரு" என்றார்.

சூலூர்க் குளத்துக் கரை. ஆகாயத்தாமரை பாதித் தண்ணீரை மூடியிருக்கிறது. கண்ணை மூடிக் கடல் என்று நினைத்தாலும் மூக்கு ஒத்துக்கொள்ளாது. தெரிந்தவர்கள் நாலு பேர் வண்டியை நிறுத்தி, "என்னங்க, யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று கேட்டார்கள். ஒருவர் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்றே கேட்டுவிட்டார். ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பதற்குள் எழுந்துவிடலாம் போல் ஆகிவிட்டது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குக்கூட இரண்டு பேர் வேண்டும் போலிருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

இஸ்மத் போன். குரலுக்குப் பின்னால் வருவது அலைச் சத்தமா என்று கேட்டேன். "போடி, பூத்துக்குள்ள இருக்கேன், பின்னால டிராமு போகுது" என்றாள்.

கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்களாம். கல்கத்தாக்காரம்மா பார்த்துவிட்டு, யார் கடை என்று கேட்டாளாம். நேரத்தை மட்டும் மாற்றவில்லையாம். இன்னும் நம் ஊர் நேரம்தான் ஓடுகிறது என்றாள். "அதப் பாத்துத்தான் இப்ப நீ என்ன பண்ணிட்டிருப்பேன்னு நெனைச்சுக்குவேன்."

நான் குளத்துக்குப் போவதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமையா என்றாள். ஆமாம் என்றேன்.

மாமனார் பக்கத்திலேயே இருந்தார். போனை வைத்ததும், "கடிகாரம் ஓடுதாமா?" என்று கேட்டார்.

"ஓடுதுங்களாம் மாமா."

"நல்ல கம்பெனி பாத்துத்தான் வாங்கினேன்" என்றார். அந்தப் பேச்சை அவரே எடுத்தது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 15, வெள்ளி

மழை விட்டிருந்தது. சாயங்காலம் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வாசலுக்கு வந்தால், அத்தை எனக்கு முன்னாலேயே செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். மடியில் அவித்த நிலக்கடலைப் பொட்டலம்.

நாற்காலியிலிருந்து மாமா கேட்டார்.

"ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீங்க? என்ன விசேஷம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"வெள்ளிக்கெழமைங்க."

கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். இன்றைக்கு யாரும் வண்டியை நிறுத்தவில்லை. மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தால் எதற்கென்று கேட்கமாட்டார்கள் போலிருக்கிறது. அத்தை கடலையை உரித்து உரித்து என் பக்கம் நகர்த்தினார். பொழுது இறங்குகிற வரை உட்கார்ந்திருந்தோம். அத்தையின் கை மட்டும் பழக்க தோஷத்தில் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

"ஏம்மணி, அந்தப் புள்ளைக்கு இப்ப அங்க என்ன நேரம் இருக்கும்?"

கணக்குப் போட்டேன். இன்னும் வெயில் இருக்கும். தொழுகை முடிந்து சாப்பிட்டிருப்பார்கள்.

"இப்பத்தானுங்க அத்தை வேன் வந்து நின்னிருக்கும்."

"ஏறட்டும்" என்றார் அத்தை.